அனாதை யானைக்குட்டியை வளர்ப்பது எப்படி? ஷெல்ட்ரிக் குடும்பம் கண்டுபிடித்த வழி

கென்யாவில் தந்தத்துக்காகத் தாய் யானை கொல்லப்பட்டால், பால் மறக்காத குட்டியும் சேர்ந்தே செத்துப்போகும். நீண்ட காலம் இதுதான் நிலைமை. இதை மாற்றியது ஒரு குடும்பம். சாவோ கிழக்கு தேசியப் பூங்காவின் முதல் வார்டன் டேவிட் ஷெல்ட்ரிக். அவருடைய மனைவி டேஃப்னி. காண்டாமிருகம், எருமை, மான், கீரி என்று தாயில்லாத குட்டிகள் பலவும் அவர்கள் வீட்டில் வளர்ந்தன. பால் மறக்காத யானைக்குட்டி மட்டும் பிழைக்கவில்லை.

காரணம், பால். பசும்பால் கொடுத்தால் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும், உடம்பில் நீர் வற்றும், சில நாட்களில் இறந்துவிடும். பசும்பாலின் கொழுப்பில் பெரும்பங்கு நீளமான கார்பன் சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்கள். யானைப்பாலில் அப்படி இல்லை. கேப்ரிக் அமிலம் போன்ற நடுத்தரச் சங்கிலி அமிலங்கள்தான் அதில் மிக அதிகம். இவை செரிக்கப் பித்தநீர் அவ்வளவாகத் தேவையில்லை; குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் உடனே சக்தியாகின்றன.

அப்படியானால் பசுவின் கொழுப்பை எடுத்துவிட்டு என்ன சேர்ப்பது? டேஃப்னி ஆண்டுக்கணக்காக ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். கடைசியில் கைகொடுத்தது நமக்கு நன்றாகத் தெரிந்த தேங்காய் எண்ணெய். அதிலும் நடுத்தரச் சங்கிலி அமிலங்கள் நிறைய உண்டு. பாட்டில் பாலில் ஒரு யானைக்குட்டியை வளர்க்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் பால் மட்டும் போதவில்லை. 1974-இல் ஆயிஷா என்ற குட்டி இந்தப் பாலில் நன்றாகத் தேறியது. டேஃப்னியை விட்டு நகராது. மகளின் திருமணத்துக்காக அவர் சில நாட்கள் வெளியூர் போனார். ஆயிஷா சாப்பிடுவதை நிறுத்தியது, இறந்தும் போனது. யானைக்குட்டிக்குத் துக்கம் உயிரையே எடுக்கும் நோய் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாக நினைப்பது இந்த இடத்தைத்தான்.

1977-இல் டேவிட் இறந்தார். அவர் பெயரில் டேஃப்னி தொடங்கிய அறக்கட்டளை, நைரோபி தேசியப் பூங்காவுக்குள் நடத்தும் காப்பகத்தில் எல்லாமே இந்தப் பாடத்திலிருந்து வந்தவை. எந்தக் குட்டிக்கும் ஒரே ஆள் தாயாகிவிடக் கூடாது. பராமரிப்பாளர்கள் மாறி மாறி வருவார்கள். இரவில் ஒருவர் குட்டியின் கொட்டிலிலேயே படுப்பார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். சின்னக் குட்டிகளுக்குப் பால் கொடுக்க ஒரு கம்பளியைத் தொங்கவிடுவார்கள். தாயின் வயிற்றில் சாய்வதுபோல் குட்டி தும்பிக்கையை அதன்மேல் அழுத்திக்கொண்டு, வாயால் உறிஞ்சும். (யானைக்குட்டி தும்பிக்கையால் பால் குடிப்பதில்லை.) காட்டில் தாயின் நிழலிலேயே நடக்க வேண்டிய பருவம் என்பதால், பட்டுப்போன்ற காதுகளில் வெயிற்காப்புக் களிம்பு தடவுவார்கள். குளிர்ந்தால் நிமோனியா வரும். அதனால் முதுகில் போர்வை கட்டுவார்கள்.

அப்புறம் சாணி. குட்டிகள் பெரிய யானைகளின் சாணத்தைத் தின்னும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும், இலை தழைகளைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குட்டியின் குடலுக்கு வந்து சேர்வது இப்படித்தான். அதைத் தடுக்கக் கூடாது.

ஓரளவு வளர்ந்ததும் குட்டிகளை லாரியில் ஏற்றிச் சாவோவுக்குக் கொண்டுபோவார்கள். வோய், இத்தும்பா போன்ற இடங்களில் பகலில் காட்டில் மேய்ச்சல், இரவில் கொட்டில். அங்கே காட்டு யானைகளும் தண்ணீருக்கு வரும். அவற்றோடு பழகி, எப்போது பிரிந்து போவது என்பதை அந்தந்த யானையே முடிவு செய்யும். சிலவற்றுக்கு இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அவசரப்படுத்துவதே இல்லை.

டேஃப்னி 2018-இல் காலமானார். இப்போது மகள் ஆஞ்சலா பொறுப்பில் இருக்கிறார். காட்டுக்குப் போன பெண் யானைகள் பல குட்டி போட்டு, அவற்றைக் கூட்டிக்கொண்டு இத்தும்பாவுக்கு வந்து போகின்றன. வேட்டைக்காரரின் அம்பு தைத்தாலோ கண்ணி அறுத்தாலோ, சிகிச்சைக்கும் அதே வாசலுக்குத்தான் நடந்து வருகின்றன.