தனிம அட்டவணையும் நம் காலடி மண்ணும்

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் (பள்ளி இறுதி) வேதியியல் தாள் எழுதியவர்களுக்குத் தெரியும்: கேள்விகளோடு ஒரு டேட்டா ஷீட்டும் (தகவல் தாள்) சேர்ந்தே வரும். தனிம அட்டவணை அதில் முழுதாக அச்சாகி இருக்கும். தேர்வறையில் கையில் கொடுக்கப்போகிற ஒன்றைத்தான் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் நம் பிள்ளைகள் மாலை வேளையில் உட்கார்ந்து "ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம்" என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பாதியையாவது அட்டவணையை வாசிக்கப் பழகுவதற்குக் கொடுக்கலாம். ஒரு தனிமத்தைப் பற்றி நீங்கள் ஒருபோதும் படித்திராத விஷயத்தைக்கூட அது இருக்கும் இடத்தை வைத்தே சொல்லிவிட முடியும். அதற்காகத்தான் அட்டவணையே உண்டானது.

மனப்பாடம் வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது: குறியீடுகள். டேட்டா ஷீட்டில் பெயர் இருக்காது, எழுத்து மட்டும்தான். பெரும்பாலானவை ஆங்கிலப் பெயரோடு ஒட்டி வருவதால் சிக்கலில்லை. லத்தீன் பெயரிலிருந்து குறியீடு பெற்ற பத்துதான் அதிகம் தடுமாற வைக்கும்: சோடியம், பொட்டாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஆன்டிமணி, தங்கம், பாதரசம், ஈயம். இந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதிப் படித்துவிடுங்கள், போதும்.

சரி, ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். செம்பு. மேலே 29, பக்கத்தில் 1.9, கீழே 63.5. (நம் வினாத்தாளில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், இங்கே புள்ளியே வைக்கிறேன்.) 29 என்பது அணு எண், அதாவது செம்பு அணுவின் கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை. தனிமத்தின் அடையாளம் இது ஒன்றுதான். ஒரு புரோட்டான் கூடினால் துத்தநாகம், ஒன்று குறைந்தால் நிக்கல். 1.9 என்பது எலக்ட்ரான் கவர்தன்மை: இன்னொரு அணுவோடு பிணைந்திருக்கும்போது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் வலு. ஃபுளோரினுக்கு 4.0, அதற்கு மேல் எதற்கும் கிடையாது.

கீழே உள்ள 63.5 ஒப்பு அணு நிறை. புரோட்டானும் நியூட்ரானும் முழு எண்ணில்தானே இருக்கும், அப்புறம் இந்த அரை எங்கிருந்து வந்தது? குளோரினை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். இயற்கையில் கிடைக்கும் குளோரின் அணுக்களில் நூற்றுக்குச் சுமார் 76 நிறை 35 உடையவை, மீதி 24 நிறை 37 உடையவை. இரண்டுக்கும் புரோட்டான் 17தான், நியூட்ரானில் மட்டும் வேறுபாடு. இவைதான் ஐசோடோப்புகள். 35-ஐ 0.76-ஆலும் 37-ஐ 0.24-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 35.48 வரும். டேட்டா ஷீட்டில் இருக்கும் 35.5 இந்தச் சராசரிதான். நிறை 35.5 உடைய ஒற்றைக் குளோரின் அணு எங்கும் இல்லை. அதே எண்ணைக் கிராமாக எடுத்துக்கொண்டால், அதாவது 35.5 கிராம் எடுத்தால், அதில் ஒரு மோல் குளோரின் அணுக்கள் இருக்கும். (டஜன் மாதிரி, மோல் என்பது அணுக்களை எண்ணும் ஒரு நிலையான அளவு.) மோல் கணக்கு அத்தனையும் இந்தக் கீழ் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்தது, கட்டங்களை ஏன் இப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பது. வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைப் பாருங்கள். தேதி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும், ஆனால் வெள்ளிக்கிழமைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக விழும். 5-க்கும் 12-க்கும் எண்ணில் ஒற்றுமை எதுவும் இல்லை. இருந்தாலும் இரண்டு நாளும் விரதம், மீனும் இறைச்சியும் வீட்டுக்குள் வராது. அட்டவணையில் 3, 11, 19 ஆகியவை அப்படித்தான் ஒரே நெடுவரிசையில் விழுகின்றன. லித்தியம், சோடியம், பொட்டாசியம்: மூன்றும் மென்மையான உலோகங்கள், மூன்றும் தண்ணீரில் பட்டதும் ஹைட்ரஜனை வெளியேற்றும். மேலிருந்து கீழாக வரும் இந்த நெடுவரிசையைத் தொகுதி என்கிறோம். இடமிருந்து வலமாகப் போவது வரிசை.

காலண்டரில் எந்த வாரமும் ஏழு நாள்தான். அட்டவணையில் வரிசையின் நீளம் மாறும்: 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டிப் பாருங்கள், 118 வரும். இன்றுவரை அறியப்பட்ட தனிமங்கள் அத்தனையும் இதற்குள் அடங்கிவிட்டன. கடைசி நான்குக்கு 2016-ல்தான் பெயர் வைத்தார்கள். நீளம் மாறுவதற்குக் காரணம் எலக்ட்ரான் கூடுகள், அதாவது கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகள். கருவிலிருந்து தள்ளிப் போகப் போக எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய இடங்களின் வகைகள் கூடுகின்றன, அதனால் வரிசையும் நீள்கிறது. ஒரே தொகுதியில் இருப்பவற்றின் வெளிக்கூட்டில் எலக்ட்ரான் அமைப்பு ஒரே மாதிரி இருக்கும். வேதிவினை நடப்பது வெளிக்கூட்டில்தான் என்பதால் குணமும் ஒத்துப்போகிறது.

இதை முதலில் கண்டவருக்கு எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. 1869-ல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அட்டவணையை வெளியிட்டபோது அறியப்பட்ட தனிமங்கள் 63. நிறையின்படி அடுக்கிக்கொண்டே போனார், குணம் பொருந்தாத இடங்களில் கட்டத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே விட்ட காலியிடத்தில் வரவேண்டிய உலோகத்தின் குணங்களையும் எழுதி வைத்தார். 1875-ல் பிரான்சில் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் அடர்த்தி 4.7 என்று கண்டுபிடித்தவர் அறிவித்தார். மெண்டலீவ் அந்த உலோகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் 5.9 வாக்கில் இருக்கவேண்டும், மாதிரியைச் சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள், 5.9 வந்தது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஒரு காலிக் கட்டம் ஆய்வுக்கூடத்து அளவையே திருத்தியிருக்கிறது.

ஓரிடத்தில் நிறை அவருக்கு ஒத்துழைக்கவில்லை. டெலூரியத்தின் நிறை 127.6, அயோடினுடையது 126.9. நிறையை நம்பினால் அயோடின் முன்னால் வரவேண்டும். ஆனால் அது குளோரின், புரோமின் ஆகியவற்றின் கூட்டாளி என்பது குணத்தைப் பார்த்தாலே தெரிந்ததால் இடத்தை மாற்றி வைத்தார். அவர் செய்தது சரி என்று 1913-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ்-கதிர்களைக் கொண்டு நிரூபித்தார். வரிசையை முடிவு செய்வது நிறை அல்ல, கருவின் மின்சுமை. டெலூரியம் 52, அயோடின் 53. நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தியத் தொழிலாளர்களான நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்த ஆண்டும் அதே 1913தான். மோஸ்லி இரண்டே ஆண்டில், 27 வயதில், கலிப்போலிப் போரில் இறந்துபோனார்.

பள்ளியில் எல்லோரும் எழுதிப் படிக்கும் விதி ஒன்று: முதல் தொகுதியில் கீழே போகப் போக வினைபுரியும் வேகம் கூடும், 17-ஆம் தொகுதியில் கீழே போகப் போகக் குறையும். இரண்டையும் தனித்தனியே உருப்போட வேண்டாம். கீழே போகப் போக அணு பெரிதாகிறது, வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து தள்ளிப் போகிறது, நடுவில் இருக்கும் கூடுகள் கருவின் இழுப்பை மறைக்கின்றன. எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து வினைபுரியும் சோடியம், பொட்டாசியத்துக்கு இது வசதி. பிடுங்கி வினைபுரியும் குளோரின், அயோடினுக்கு இது தடை. காரணம் ஒன்று, விளைவு இரண்டு. இந்த இரண்டு தொகுதிகளும் சந்திக்கும் இடம் நம் உப்புச் சாடி: சோடியமும் குளோரினும். தைராய்டு சுரப்பிக்காக அயோடினும் சேர்த்த உப்புதான் இங்கே சாப்பாட்டு மேசைக்கு வரவேண்டும் என்று 1995 முதல் சட்டம் இருக்கிறது.

விதியை மட்டும் உருப்போட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் 11-ஆம் தொகுதி: செம்பு, வெள்ளி, தங்கம். உலோகம் கீழே போகப் போகத் துடிப்பாகும் என்றால் மூன்றில் தங்கம்தான் அதிகம் வினைபுரிய வேண்டும். நடப்போ நேர்மாறு. செம்புச் சொம்பு பச்சை பூக்கும், வெள்ளிக் கொலுசு கறுக்கும், ஆயாவின் தாலி அப்படியே இருக்கும். ஒரு எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் செம்புக்கு ஒரு மோலுக்கு 745 கிலோஜூல், வெள்ளிக்கு 731, தங்கத்துக்கு 890.

ஏன் என்பதற்கு விடையில் ஒரு பெரிய பகுதி அட்டவணையின் அடியில் தனியாக ஒதுக்கி அச்சிடப்பட்டிருக்கும் லாந்தனைடு வரிசையில் இருக்கிறது. வெள்ளி 47, தங்கம் 79. நடுவில் லாந்தனைடுகள் வந்துபோகும்போது எலக்ட்ரான்கள் உள்ளே ஆழமான ஒரு கூட்டில் போய்ச் சேர்கின்றன. அந்தக் கூடு கருவின் இழுப்பைச் சரியாக மறைக்காது. புரோட்டான் ஒவ்வொன்றாகக் கூடக் கூட அணு உள்பக்கமாக இழுபடுகிறது. ஒரு வரிசை கீழே இருந்தும் தங்க அணு வெள்ளி அணுவின் அளவே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெளி எலக்ட்ரானை அது இறுக்கிப் பிடித்திருப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இதை நீங்களே சரிபார்க்கலாம். அளவு ஒன்று, அடுக்கும் முறையும் இரண்டிலும் ஒன்று என்றால், அடர்த்தி அணு நிறையின் விகிதத்தில்தானே கூடவேண்டும்? டேட்டா ஷீட்டில் வெள்ளி 108, தங்கம் 197, வகுத்தால் 1.82. வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.5 கிராம். அதை 1.82-ஆல் பெருக்கினால் 19.1. தங்கத்தின் உண்மையான அடர்த்தி 19.3. தராசும் இல்லாமல் தங்கமும் இல்லாமல், ஒரு காகிதத்தை வைத்து இவ்வளவு நெருங்கிவிட்டோம்.

தங்கத்தின் இந்தப் பிடிவாதம் ஜோகன்னஸ்பர்க் பகுதியின் தங்க வயலான விட்வாட்டர்ஸ்ராண்டின் கதையிலும் வருகிறது. 1886-ல் அங்கே தங்கம் கிடைத்தது. மேல்மட்டப் பாறையிலிருந்து பாதரசத்தால் பிரித்தெடுத்தார்கள். ஆழம் போனதும் கந்தகம் கலந்த இரும்புக் கனிமம் வந்து, பாதரசம் பலிக்காமல் போனது. அப்போது கைகொடுத்தது 1887-ல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை. சாதாரண அமிலத்துக்கும் அசையாத தங்கம், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு நீர்த்த சயனைடு கரைசலில் கரைகிறது. தங்க அயனியைச் சயனைடு அவ்வளவு உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. கரைசலில் துத்தநாகத்தைப் போட்டால் அது கரைந்து தங்கத்தை வெளியே தள்ளும். ரெடாக்ஸ் (எலக்ட்ரான் கைமாறும் வினைகள்) பாடத்தில் வரும் இடப்பெயர்ச்சி வினைதான் இது.

இப்போது அட்டவணையின் நடுப்பகுதிக்கு வாருங்கள். 44, 45, 46: ருத்தீனியம், ரோடியம், பல்லேடியம். அவற்றுக்கு நேர் கீழே 76, 77, 78: ஆஸ்மியம், இரிடியம், பிளாட்டினம். ஆறும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. நம் நாட்டின் பிளாட்டினச் சுரங்க ஊரான ரஸ்டன்பர்க் பக்கத்துப் பாறையிலும் ஆறும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. ஏறக்குறைய 205 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியான புஷ்வெல்டில் பாறைக்குழம்பு மெல்ல ஆறியபோது கந்தகம் நிறைந்த துளிகள் அதில் பிரிந்தன. இந்த ஆறும் சிலிக்கேட்டை (மீதிப் பாறைக்குழம்பை) விட்டு அந்தத் துளிகளில் ஒதுங்கின. குணம் ஒன்று என்பதால் ஒதுங்கிய இடமும் ஒன்று. 1924-ல் நிலவியலாளர் மெரன்ஸ்கி அந்த அடுக்கைக் கண்டறிந்தார். ஒரு டன் பாறையில் சில கிராம்தான் இருக்கும். ஆனாலும் உலகில் வெட்டியெடுக்கப்படும் பிளாட்டினத்தில் சுமார் 70 சதவீதம் இந்த நாட்டு மண்ணிலிருந்து போகிறது.

அதற்கு மேல் வரிசையில் 23, 24, 25, 26 என்று பாருங்கள்: வனேடியம், குரோமியம், மாங்கனீசு, இரும்பு. நான்கும் இங்கே ஏராளம். பக்கத்துப் பக்கத்துக் கட்டம் என்பதால் அணு அளவில் பெரிய வேறுபாடு இல்லை, ஒன்றோடொன்று எளிதாகக் கலக்கும். இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கும். எவர்சில்வர் பாத்திரம் பளபளப்பது அதனால்தான். 29-ஆம் கட்டத்துச் செம்பும் 30-ஆம் கட்டத்துத் துத்தநாகமும் கலந்தால் குத்துவிளக்குப் பித்தளை.

பிளாட்டினக் கூட்டத்துக்கு மிகப் பெரிய வேலை காரின் அடியில், புகைக்குழாயில். அங்கே தேன்கூடு வடிவப் பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றையும் மெல்லப் பூசியிருக்கும். முதல் இரண்டும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக்கும். ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக அனுப்பும். மூலக்கூறுகளை மேற்பரப்பில் பிடித்துவைக்க வேண்டும், வினை முடிந்ததும் விட்டுவிடவும் வேண்டும். அட்டவணையின் இடப்பக்கத்து உலோகங்கள் மிக இறுக்கமாகப் பிடித்துவிடும், தங்கமும் வெள்ளியும் அநேகமாகப் பிடிக்கவே பிடிக்காது. நடுவில் இருக்கும் இவற்றின் பிடி அளவாக இருக்கிறது. கூடவே, சூடான புகையிலும் இவை எளிதில் கெட்டுப்போகாது.

மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் கிடையாது, அதனால் இந்தக் கட்டியும் வேண்டியதில்லை. பிளாட்டினச் சுரங்கங்கள் இப்போது எதிர்பார்த்திருப்பது ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தை. அதிலும் அதே அளவான பிடிதான் வேலை செய்கிறது: பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்து எலக்ட்ரானை விடுகிறது, அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே மின்னோட்டமாகப் போகின்றன, மறுமுனையில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர் உண்டாகிறது.