நம்பர்ஸ் மேட்சிங்: 'எண் பொருத்தம்' என்று எழுதாதீர்கள்

பழைய அமெரிக்கப் பந்தயக் கார்களின் ஏலங்களைத் தமிழில் விவரிக்கும் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அவற்றில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வந்து உறுத்துகிறது: "இந்தக் காருக்கு எண் பொருத்தம் உள்ளது." ராசிப் பொருத்தமும் நட்சத்திரப் பொருத்தமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது என்னவாகக் கேட்கும்? எண் கணிதம் பார்த்து நம்பர் பிளேட் வாங்கியிருக்கிறார்கள் என்றுதான்.

நம்பர்ஸ் மேட்சிங் என்பதன் பொருள் இது: கார் ஆலையை விட்டு வெளியே வந்தபோது அதில் எந்த இன்ஜின் இருந்ததோ அதே இன்ஜின் இன்றும் இருக்கிறது, இன்ஜின் பிளாக்கில் அடித்த எண் அதற்குச் சாட்சி. கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் பேச்சு இது. மேட்ச் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் துணை, இணை என்ற பொருளில் இருந்தது. அந்த வகையில் கல்யாணப் பொருத்தத்துக்கு அது தூரத்து உறவுதான். அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏனென்றால் தமிழில் பொருத்தம் என்பது வெவ்வேறு இடத்தில் பிறந்த இரண்டு, ஒன்றோடொன்று இசைவதைச் சொல்வது. இங்கே கேள்வி அதற்கு நேர் எதிர். இரண்டும் முதலிலிருந்தே சேர்ந்திருந்தவையா என்பதே கேள்வி. வேறொரு காரிலிருந்து கழற்றிய இன்ஜினும் இந்தக் காருக்குப் பொருந்தும். போல்ட் ஓட்டை மாறாமல் கச்சிதமாக உட்காரும். பொருத்தமும் இருக்கும், விலையில் பாதியும் போயிருக்கும். சொல்லே வாங்குபவரை ஏமாற்றுகிறது.

ஆலையே டிராக் ரேஸுக்கென்று, அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் சீறிப் பாயும் பந்தயத்துக்கென்று, செய்து விற்ற கார்களை எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகிறது. செவர்லேயின் 1969 கமாரோ இசட்எல்1 மொத்தமே 69 கார்கள். இல்லினாய்ஸ் மாநிலத்து விற்பனையாளர் ஃப்ரெட் கிப் 50 கார்களுக்கு ஆர்டர் கொடுத்ததில் தொடங்கியது கதை. அமெரிக்காவில் டிராக் ரேஸ்களை நடத்தும் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிப்படி 50 கார் செய்திருந்தால்தான் பந்தய வகுப்பில் சேர்ப்பார்கள். அலுமினிய 427 இன்ஜினுக்கு (எண் கன அங்குலத்தில் இன்ஜினின் அளவு) மட்டும் 4,000 டாலருக்கு மேல்; முழுக் கார் 7,200 டாலரைத் தாண்டியது. அந்தக் காலத்தில் அது கொடுமையான விலை. விற்காமல் பெரும்பாலானவற்றை அவர் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இன்றோ ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தொட்டவையும் உண்டு.

இதன் சேசிஸ் நம்பர் 124379என் என்று தொடங்கும். செவர்லே, வி8 கமாரோ, கூப்பே, 1969, நார்வுட் ஆலை. அவ்வளவுதான் அது சொல்லும். சாதாரண 307 இன்ஜின் போட்ட கமாரோவுக்கும் இதே தொடக்கம்தான். ஆகவே அந்த அலுமினிய பிளாக்கும் அதில் அடித்த எண்ணும் ஆலை, விற்பனையாளர் தாள்களும் போய்விட்டால், அது இசட்எல்1 என்று நிரூபிப்பது பெரும்பாடு. இங்கே எண்தான் உயிர்.

டாட்ஜ் நிறுவனத்தின் 1968 ஹெமி டார்ட்டுக்கு அப்படியில்லை. அதன் சேசிஸ் நம்பர் எல்ஓ23எம்8பி என்று தொடங்கும்; சூப்பர் ஸ்டாக் பந்தயக் கார் என்பது அந்த எண்ணிலேயே எழுதியிருக்கிறது. ஃபைபர்கிளாஸ் பானட்டும் முன் ஃபெண்டர்களும், ஆசிடில் முக்கி மெலிதாக்கிய கதவுகளும், கைப்பிடிக்குப் பதிலாகப் பட்டியைப் பிடித்து ஏற்றி இறக்கும் கண்ணாடியுமாக வந்த கார். பொதுச் சாலையில் ஓட்டச் செய்ததல்ல என்று அறிவிப்பு ஒட்டியே விற்றார்கள். இப்படிப்பட்ட காரில் முதல் இன்ஜின் வெடித்து வேறு இன்ஜின் ஏறியிருப்பதே இயல்பு. அதில் ஆலை இன்ஜின் அப்படியே இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஒன்று அந்தக் கார் அதிகம் ஓடவில்லை, இல்லையென்றால் யாரோ எண்ணைப் பிற்பாடு பஞ்ச் அடித்திருக்கிறார்கள். இரண்டில் எது என்று பார்க்க வேண்டும்.

1964 ஃபோர்ட் தண்டர்போல்ட் இன்னும் விசித்திரம். நூறு கார்கள். சேசிஸ் நம்பர் 4எஃப்41கே என்று வரும். 'கே' என்பது 289 இன்ஜினுக்கான குறி. ஆனால் பானட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது, இருக்க வேண்டியது, 427. உள் ஹெட்லைட் இரண்டையும் எடுத்துவிட்டு அந்த ஓட்டை வழியாகக் காற்றை இழுக்கும் பெரிய இன்ஜின். எண்ணுக்குப் 'பொருத்தமாக' ஒருவர் 289 இன்ஜினை வைத்தால் அந்தக் கார் பாழ்! எண் பொருந்தாமல் இருப்பதே அசலுக்கு அடையாளமாக இருக்கும் காருக்கு "எண் பொருத்தம்" என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம்?

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? நான் சொல்வது: கூடப்பிறந்த இன்ஜின். "கூடப்பிறந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் உள்ள கார்." அமெரிக்கர்களே நம்பர்ஸ் மேட்சிங் என்பதை விளக்கும்போது இது காரோடு பிறந்த இன்ஜின் என்றுதான் சொல்கிறார்கள். உயிருள்ளதற்கு மட்டுமே ஆகும் சொல் என்று சிலர் மறுக்கலாம். கர்ணனுக்குக் கவசமும் குண்டலமும் கூடப்பிறந்தவை என்று நாம் சொல்வதில்லையா? அறுத்துக் கொடுத்தபின் அவனுக்கு வேறு கவசம் பொருந்தியிருக்கலாம்; கூடப்பிறந்தது ஆகாது. இந்தச் சொல்லுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எந்தப் பாகம் என்று சொல்லியே தீர வேண்டும். ஆங்கிலத் தொடரில் அந்தக் கட்டாயம் இல்லாததால்தான், அதே காலத்தில் வார்த்த வேறு பிளாக்கை வைத்துவிட்டு அதையும் நம்பர்ஸ் மேட்சிங் என்று விற்கிறார்கள். அதற்குத் தமிழில் 'அதே காலத்து இன்ஜின்' என்று தனியாகச் சொல்லலாம்.

'ஒத்திசை எண் பொறி' என்று ஒரு தூய தமிழாக்கத்தையும் பார்த்தேன். பொறி என்றால் எலிப்பொறியா, தீப்பொறியா? இன்ஜின் என்ற சொல் பட்டறையில் தமிழாகி எத்தனையோ காலமாகிவிட்டது. ஒத்திசை என்பதோ இயற்பியல் வகுப்பை நினைவூட்டுகிறது. இந்த விஷயத்துக்கான பேச்சு நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போனால் புரோக்கர் ஆர்சி புக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டும் டேலி ஆகுது" என்பார். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். அந்த 'டேலி ஆகுது', 'நம்பர் ஒத்துப்போகுது' எல்லாம் எண்ணைப் பற்றிய சரியான தமிழ்தான். காரைப் பற்றிப் பேசும்போது கூடப்பிறந்தது, எண்ணைப் பற்றிப் பேசும்போது ஒத்துப்போவது.

எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். செவர்லே வி8 பிளாக்கில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு சமதளம் இருக்கும். எண் அடிப்பது அங்கேதான். ஆலையில் அந்தப் பரப்பைச் சீவிய இயந்திரம் முன்பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுப் போயிருக்கும். பழைய எண்ணைத் தேய்த்தழித்துப் புது எண் அடித்தால் அந்தக் கோடுகளும் போய்விடும். அல்லது உப்புத்தாளால் தேய்த்தது போலச் சுழன்றும் சாய்ந்தும் தெரியும். மதிப்பீட்டாளர் பூதக்கண்ணாடி வைத்து முதலில் பார்ப்பது அந்தக் கோடுகளை, அப்புறம்தான் எண்ணை.

இந்த வட்டத்தின் மற்றச் சொற்களையும் இதே அவசரத்தில் கெடுத்துவைத்திருக்கிறார்கள். புகழ்பெற்ற கார் ஒன்றைப் பார்த்து அதே போலச் செய்த ட்ரிப்யூட் காருக்கு 'அஞ்சலி கார்' என்கிறார்கள். யார் போய்ச் சேர்ந்தார் என்றுதான் கேட்கத் தோன்றும். க்ளோனைப் 'போலி' என்பது அதைவிட மோசம். சாதாரண டார்ட் ஒன்றை ஹெமி டார்ட் போலச் செய்து, செய்தேன் என்று சொல்லியே விற்பவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. அது நகல் கார். சேசிஸ் நம்பர் தகட்டை மாற்றி மறைத்து விற்கும்போதுதான் போலி. மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லில் நேர்மையானவரை மோசடிக்காரராக்கிவிடுகிறார்.

கடைசியாக 'இழுவைப் பந்தயம்'. டிராக் என்பதற்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியது. டிராக் ரேஸில் யாரும் எதையும் இழுப்பதில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஊரின் பெரிய தெருவைக் குறித்த கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். டிராக்டர்கள் பாரம் இழுக்கும் போட்டி தனியாக இருக்கிறது. இழுவைப் போட்டி என்ற பெயர் அதற்குத்தான் சேரும். 1960களின் ஆலைக் கார்கள் ஓடியது 1,320 அடி, அதாவது கால் மைல். அவற்றைப் பற்றி எழுதும்போது கால் மைல் பந்தயம் என்றே எழுதலாம். 2008இல் டிராக் ரேஸின் மிக வேகமான வகுப்பான டாப் ஃப்யூயலின் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு டிராக் ரேஸ் என்று அப்படியே எழுதிவிட்டுப் போகலாம்.