மாட்டாஸ்பத்திரி உதவியாளர் வேலையா? பணம் குடுக்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, பத்தாவது பாஸ், உம்பளாச்சேரி மாட்டோடயே வளந்தவன், எப்படிப்பட்ட முரட்டுக் காளையும் அவன் கைக்கு அடங்கும். அவங்கம்மா காதுத் தோட்ட அடகு வச்சு ஒரு புரோக்கர்கிட்ட குடுத்த பணம் இன்னிக்கு வரைக்கும் திரும்பல. அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல பேரு. கால்நடை உதவி மருத்துவர்னா அது டாக்டர் போஸ்ட், ஒரத்தநாடு மாதிரி காலேஜ்ல அஞ்சரை வருஷம் படிச்சிட்டு டிஎன்பிஎஸ்சி எழுதணும். நம்ம பேசுறது கால்நடை பராமரிப்பு உதவியாளர், பத்தாவது போதும், கால்நடை மருந்தகத்துல மாட்டப் புடிச்சுக் கட்டுறது, இடத்த சுத்தம் பண்றது, ஊசி போடுற முகாமுக்கு கூடப் போறது இதுதான் வேலை. ரெண்டும் ஒரே மாதிரி காதுல விழுறதால தனியார் டிப்ளமோ விக்கிறவங்க நல்லா சம்பாதிக்கிறாங்க. பராமரிப்பு உதவியாளருக்கு அந்த டிப்ளமோ தேவையே இல்ல.

மாட்டுக்கு சினை ஊசி போடக் கத்துக் குடுக்குற மைத்ரி பயிற்சியும் அரசு வேலை கிடையாது. மூணு மாசம் கத்துக்கிட்டு ஊர்ல சினை ஊசி போட்டு நீங்களே சம்பாதிச்சுக்கணும், மாசச் சம்பளம்னு ஒண்ணு இல்ல. அத முடிச்சவங்க வைத்தியமும் பாக்க ஆரம்பிச்சிடாதீங்க, 1984 கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பண்ண டாக்டர் மேற்பார்வையில சின்னச் சின்ன சிகிச்சைக்கு மட்டும்தான் அனுமதி, மாடு செத்துட்டா மாட்டுறது நீங்கதான்.

இப்ப சர்டிபிகேட்டு, எல்லாரும் அடிபடுறது இங்கதான். வேலைவாய்ப்பு பதிவ மூணு வருஷத்துக்கு ஒருதடவ புதுப்பிக்கணும், விட்டுட்டா பத்து வருஷ சீனியாரிட்டியும் போச்சு, ஆபீஸ்லேர்ந்து யாரும் போன் பண்ணி ஞாபகப்படுத்த மாட்டாங்க. கல்யாணம் ஆன அக்கா தங்கச்சிங்க சாதிச் சான்று அப்பா பேர்லதான் வச்சிருக்கணும், புருஷன் பேர்ல வாங்கிட்டு வந்து சரிபார்க்குற எடத்துல அழுதவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். ஈ-சேவையில 60 ரூபா கட்டி விண்ணப்பம் போட்டாலும் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மூணு எடத்துல ஃபைல் தூங்கும், அதனால அறிவிப்பு வந்தப்பறம் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

தமிழ்வழியில படிச்சவங்களுக்கான 20 சதவீத இடஒதுக்கீடு கேக்குறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். 2020ல சட்டத்த மாத்திட்டாங்க, ஒண்ணாவதுலேர்ந்து தமிழ்ல படிச்சதுக்கு சான்று வேணும். நடுவுல ரெண்டு பள்ளிக்கூடம் மாறியிருந்தா ரெண்டு ஹெச்.எம் கிட்டயும் கையெழுத்து வாங்கணும். 2018 கஜா புயல்ல ரெஜிஸ்டர் நனைஞ்சு போச்சுன்னு கைய விரிக்கிற பள்ளிக்கூடமும் இருக்கு, அங்க வாய்ப்பேச்சு வேணாம், எழுதிக் குடுத்து ஒரு நகல்ல முத்திரை வாங்கிட்டு அதோட கல்வி ஆபீஸுக்குப் போங்க.

நேர்காணலுக்கு லெட்டர் வந்துட்டாலே வேலை கெடச்சிடுச்சுன்னு எவனாவது வந்து பேரம் பேசினா நம்பாதீங்க. 2022ல இந்த வேலைக்குத் தேதியெல்லாம் குடுத்து கூப்புட்டுட்டு நிர்வாகக் காரணம்னு ஒரே வரியில ரத்து பண்ணாங்க, அன்னிக்கு புரோக்கர்ட்ட பணம் குடுத்தவங்க யார்கிட்ட போய் கேட்டிருப்பாங்க சொல்லுங்க. ஏற்கெனவே குடுத்து மாட்டிக்கிட்டவங்க வாட்ஸ்அப் மெசேஜ், ஜிபே ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காம நேரா மாவட்ட எஸ்.பி ஆபீஸ்ல மனு குடுத்து ரசீது வாங்குங்க, லோக்கல்ல பேசி முடிச்சிக்கலாம்னு ஊர்ப் பெரிய மனுஷங்க சொன்னாலும் ரசீது கைக்கு வர்ற வரைக்கும் எழுந்து வராதீங்க.