கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் கசியுதா? ஒயிட் சிமெண்டை எடுக்கும் முன்…

போன மாதம் மதுரையில் ஒரு மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். கீழ்வீட்டு சமையலறைக் கூரையில் தோசைக்கல் அகலத்துக்கு மஞ்சள் கறை. மேல்வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும், "தம்பி, மூணு தடவை ஒயிட் சிமெண்ட் பூசியாச்சு. ரெண்டு வாரம் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் பழையபடி நாறுது" என்றார்.

வெஸ்டர்ன் கோப்பையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து மெல்ல அசைத்தேன். ஆடியது. கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை, நாலாக மடித்துச் செருகியிருந்தது. டைல்ஸ் ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால் பொருத்தியவர் முட்டுக் கொடுத்திருக்கிறார். அட்டை ஊறிக் கூழாகி, கோப்பை ஆட ஆரம்பித்து, இணைப்பு விட்டுவிட்டது. ஆடுகிற கோப்பையில் எந்தப் பூச்சு நிற்கும்?

இந்தப் பிளம்பிங் தொழிலில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். கோப்பையின் கழிவு வெளியேறும் வாய்க்கும் கழிவு பைப்புக்கும் நடுவில் ரப்பர் உதடு வைத்த கனெக்டர் இருக்க வேண்டும். பைப் பெரும்பாலும் நாலு இன்ச், அதாவது 110 மில்லிமீட்டர். பழைய வீடுகளில் கனெக்டர் கிடையாது. இடைவெளியை ஒயிட் சிமெண்டால் அடைத்திருப்பார்கள். பீங்கான், பிளாஸ்டிக், சிமெண்ட் மூன்றும் ஒன்றுபோல அசையாது. ஒருவர் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பாரம் விழுகிறது. முதலில் மயிரிழை விரிசல், அப்புறம் கசிவு. வெளியே திரும்பப் பூசினால் கசிவு நிற்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. அங்கே கசிவது மலக்கழிவு கலந்த தண்ணீர் என்பதால், தரையில் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சரி, கசிவது அந்த இணைப்புதானா என்று முதலில் பாருங்கள். கோப்பையின் பின்பக்கத்தைத் துடைத்துக் காயவிட்டு, சுற்றிலும் செய்தித்தாளைப் பரப்புங்கள். யாரும் ப்ளஷ் செய்யாமலே தாள் நனைந்தால் கோளாறு பெரும்பாலும் ஆங்கிள் காக்கிலோ (டேங்குக்கு வரும் தண்ணீரை மூடும் சின்னத் திருகு), டேங்குக்குப் போகும் குழாயிலோ, டேங்க் போல்ட்டிலோ இருக்கிறது. கழிவு இணைப்பைத் தொட வேண்டியதில்லை. தாள் காய்ந்தே இருந்தால் கோப்பையில் கொஞ்சம் சொட்டு நீலம் ஊற்றி ப்ளஷ் செய்யுங்கள். தாளில் நீலம் தெரிந்தால் இணைப்பு அல்லது கோப்பையில் விரிசல். ப்ளஷ் செய்ததும் தண்ணீர் மேலே ஏறி மெதுவாக வடிந்தால், முதலில் அடைப்பை எடுங்கள். இந்த இணைப்பு தண்ணீர் ஓடிப்போவதற்கு வைத்தது, தேங்கி நிற்பதற்கு அல்ல.

பின்பக்கம் சுவருக்குள் போகிற பி-ட்ராப் என்றால் இணைப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். தரைக்குள் இறங்குகிற எஸ்-ட்ராப் என்றால் கோப்பையைத் தூக்கியே ஆக வேண்டும். ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து, கோப்பையில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். ரப்பர் கையுறை போடுங்கள். வேலைக்கு ஒரு நாள் முன்பிருந்தே ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் எதையும் ஊற்ற வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், சின்னக் கழிப்பறையில் அது ஆபத்து. அடிப்போல்ட்டைக் கழற்றி, அடியைச் சுற்றிய சிலிகான் பூச்சை பிளேடால் அறுத்து, இரண்டு பேராகச் சேர்ந்து நேராகத் தூக்குங்கள். டேங்கோடு சேர்ந்த கோப்பையைத் தனியாளாகத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

தூக்கியதும் பைப் வாயைத் துணி அடைத்த பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். நாற்றத்துக்காக மட்டும் இல்லை, உள்ளிருந்து வரும் வாயு நல்லதில்லை. பையில் ஒரு கயிறு கட்டி வெளியே விட்டுவிடுங்கள். அது உள்ளே விழுந்து புது அடைப்பாகிவிடக் கூடாது.

பழைய சிமெண்டைச் சின்ன உளியால் மெதுவாகத் தட்டி எடுங்கள். பைப் விளிம்பு உடைந்திருக்கிறதா, கோப்பை வாயும் பைப் வாயும் நேருக்கு நேர் வருகிறதா என்று பாருங்கள். நேராக வந்தால் சாதா கனெக்டர், கொஞ்சம் விலகியிருந்தால் ஆஃப்செட் கனெக்டர். கடைக்குப் போகும்போது இரண்டு வாயின் அளவையும் எழுதிக்கொண்டு போங்கள். சில நூறு ரூபாய் சாமான்தான். ரப்பர் உதட்டில் சோப்புத் தண்ணீர் தடவி நேராக அழுத்துங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவினால் ரப்பர் கெட்டுப்போகும். உதடு ஓரிடத்தில் மடிந்தால்கூட அங்கேதான் கசியும்.

கோப்பையை வைத்ததும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பிளாஸ்டிக் ஆப்பு வையுங்கள், பத்திரிகை வேண்டாம்! போல்ட்டை இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரேயடியாக முறுக்கினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும், அப்புறம் புதுக் கோப்பைதான். நாலைந்து முறை ப்ளஷ் செய்து பார்த்துவிட்டு, அடியைச் சுற்றி சிலிகான் போடுங்கள். பின்னால் மட்டும் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுவேன். முழுக்க அடைத்தால்தான் அழகு என்பார்கள் சிலர். ஆனால் நாளைக்கு மறுபடி கசிந்தால் அந்த இடைவெளிதான் நமக்குக் காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் கீழ்வீட்டுக் கூரைதான் காட்டும். சிலிகான் காய 24 மணி நேரம் விடுங்கள்.

தரைக்குள் இருக்கும் பைப்பே உடைந்திருந்தாலும், சுவரில் தொங்கும் கோப்பை என்றாலும் நீங்கள் கை வைக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். செப்டிக் டேங்க் நிரம்பித் தண்ணீர் திரும்பி வந்தால் கழிவு லாரிதான் வழி. 'சும்மா எட்டிப் பார்க்கிறேன்' என்று கூட யாரும் உள்ளே இறங்கக் கூடாது, கூலிக்கு ஆளை இறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு நிமிடம்கூட அவகாசம் தராது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் கூட.

அந்த மதுரை வீட்டில் வேலை முடிய அரை நாள் ஆனது. கீழ்வீட்டுக்காரர் மறுநாளே பெயின்ட் அடிக்க ஆள் பேசிவிட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். ஊறிய கான்கிரீட் காய வாரக்கணக்கில் ஆகும். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கோட்டைத் தாண்டாமல் கறை காய்ந்தால் அப்புறம் பெயின்ட், தாண்டினால் எனக்கு ஒரு போன்.