காற்றாலை: சொல்லும் பொருளும்

டர்பன் தமிழர்களின் குடும்பக் கதைகளில் 'ஆலை' என்றால் அது கரும்பாலைதான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வந்திறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் வந்த பலரும், கரும்புத் தோட்டங்களுக்காகவே ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள். சொல்லின் பழைய பொருளும் அதுவே. பட்டினப்பாலையில் வரும் ஆலை, கரும்பைப் பிழிந்து சாறு காய்ச்சும் இடம். நூலாலை, அரிசி ஆலை என்று விரிந்து, தொழிற்கூடம் எதற்கும் அது பொதுப்பெயரானது பிற்காலத்தில்தான்.

'விண்ட்மில்' என்பதிலுள்ள 'மில்', அரைகல்லைக் குறிக்கும் 'மோலா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆகவே காற்றாலை என்பது நேரான பெயர்ப்புதான். கேப் டவுனில் 1796இல் கட்டப்பட்டு, 2021 ஏப்ரலில் மலைத்தீயில் எரிந்த மோஸ்டர்ட் ஆலைக்கு அது முற்றும் பொருந்தும்; அங்கே காற்று கல்லைச் சுழற்ற, கல் கோதுமையை அரைத்தது.

கரூ வறண்ட நிலத்துப் பண்ணைகளில் நிற்பது வேறு. இரும்புக் கோபுரத்தின் உச்சியில் நெருக்கமான தகடுகள் சுழலும். வால் தகடு அவற்றைக் காற்றின் திசைக்குத் திருப்பும். அச்சின் சுழற்சி கீழிறங்கும் தண்டில் ஏற்ற இறக்கமாக மாறி, ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டிக்கு ஏற்றும். ஆப்பிரிக்கான்ஸ் மொழியினர் இதை 'விண்ட்பொம்ப்' என்று சரியாகவே சொல்கிறார்கள். ஏற்றம், கவலை என்னும் நீரிறைக்கும் கருவிகளைக் கண்ட தமிழில் 'இறைவை' என்ற சொல் இருக்கையில், இதைக் காற்றிறைவை என்னலாம்.

மின்சாரம் தருவதோ 'டர்பைன்'. சுழல், பம்பரம் என்னும் பொருளுடைய 'டர்போ' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, 1822இல் பிரெஞ்சுப் பொறியாளர் கிளாட் பூர்டேன் ஆக்கிய சொல் அது. தமிழில் சுழலி, விசையாழி என இரண்டும் வழங்குகின்றன. பம்பரத்தின் சாயல் முன்னதில் இருப்பதால் எனக்கு அதுவே பிடிக்கும். விமானச் சிறகைப் போல் வளைந்த இறக்கையின் இருபுறமும் காற்றழுத்தம் வேறுபடுவதால் எழும் தூக்குவிசையே அதைச் சுழற்றுகிறது. காற்று முட்டித் தள்ளுவதால் மட்டும் அது சுழல்வதில்லை. நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது சுற்று மட்டுமே சுழலும் அச்சின் வேகத்தைப் பல்சக்கரப் பெட்டி பல மடங்காக்கி மின்னாக்கியிடம் சேர்க்கிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆனால் அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது, ஏனெனில் ஆற்றல் முழுவதையும் பறித்துவிட்டால் காற்று பின்னால் நகராமல் அங்கேயே தேங்கிவிடும்.

அரைப்பதும் பிழிவதும் இல்லாத இந்த ஒற்றைக் கோபுரத்தைக் காற்றாலை என்பது வழக்கில் ஊன்றிவிட்டாலும், எழுதும்போது காற்றுச் சுழலி என்பதே துல்லியம். ஜெஃப்ரிஸ் பே ஊரருகே 60 சுழலிகள் சேர்ந்து 138 மெகாவாட் வரை தரும் இடமோ, மின்சாரத்தை விளைவிக்கும் ஒரு தொழிற்கூடமே. காற்றாலை என்ற பெயரை அந்த முழு வளாகத்துக்கு வைக்கலாம்.