குளிக்க வைக்கும்போது குழந்தையின் மூளை என்ன செய்கிறது?

குழந்தை எந்தச் சொல்லை முதலில் பேசும்? நாம் எதை அதிகம் சொல்கிறோமோ அதைத்தான் என்று சட்டென்று தோன்றும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் டெப் ராய் இதைக் கண்டுபிடிக்கத் தன் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கினார். 2005-ல் மகன் பிறந்தபோது, வீட்டுக் கூரைகளில் 11 கேமராக்களும் 14 மைக்குகளும் தயாராக இருந்தன. மூன்று ஆண்டுகளில் சேர்ந்த வீடியோ மட்டும் சுமார் 90,000 மணி நேரம். (வேண்டாத பதிவை உடனே அழிக்க ஒரு பொத்தானும் வைத்திருந்தார்கள். எந்தக் குடும்பத்துக்கும் அது தேவைப்படும்தானே!)

அந்தக் குழந்தையின் பேச்சை அலசிய ஆய்வு 2015-ல் வெளியானது. ஒரு சொல் எத்தனை தடவை காதில் விழுந்தது என்பதற்கும் பங்கு உண்டு. ஆனால் அதைவிட முக்கியமாகத் தெரிந்தது வேறு: அந்தச் சொல் தனக்கென்று ஒரு இடம், ஒரு நேரம், ஒரு பேச்சுச் சூழல் பிடித்திருந்ததா என்பது. அப்படித் தனித்துத் தெரிந்த சொற்கள் சீக்கிரம் வாய்க்கு வந்தன. ஒரே வீடு, ஒரே குழந்தை என்பதால் இதை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் சட்டம் எழுதிவிட முடியாது. ஆனாலும் காரணம் புரிகிறது. ‘நல்ல’ என்ற சொல்லை நாள் முழுக்க எங்கெங்கோ, எதெதற்கோ சொல்கிறோம். ‘சோப்பு’ அப்படியில்லை. குளியலறையில், அந்த வாசனையோடு, கையில் வழுக்கும் அந்தப் பொருளோடு மட்டுமே வருகிறது. ஊகிக்க வேண்டிய வேலை பாதி குறைந்துவிடுகிறது.

குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். நாம் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. அதன் காதுக்கு எல்லாம் ஒரே ஓசை ஓட்டம். ஜென்னி சாஃப்ரனும் அவருடைய சகாக்களும் 1996-ல் 8 மாதக் குழந்தைகளுக்கு ஒரு ஒலிப்பதிவைப் போட்டார்கள். அர்த்தமே இல்லாத மூன்று அசைச் சொற்கள் சிலவற்றை இடைவெளியே இல்லாமல் கோத்த பதிவு அது. இரண்டே நிமிடம்தான். அதற்குள் எந்த அசைக்குப் பின் எந்த அசை வரும் என்று குழந்தைகள் பிடித்துவிட்டன. சொல் எங்கே முடிகிறது என்பதும் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. எது எதோடு சேர்ந்து வருகிறது என்ற இந்தக் கணக்கெடுப்பு மூளைக்குள் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்குக்கு அன்றாட வேலைகளைப் போல வசதியானது வேறில்லை. குழாய் திறக்கும் சத்தம், சட்டையைக் கழற்றுவது, “கையைத் தூக்கு”, தண்ணீர், சோப்பு, துண்டு. நாளைக்கும் இதே வரிசைதான். அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டால் குழந்தை அதை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. கவனம் மிச்சமாகிறது, நடுவில் வரும் ஒரு புதிய சொல்லையோ புதிய பொருளையோ பிடிக்க அது போதும்.

வழக்கத்தால் இன்னொரு லாபமும் உண்டு: அதை மீறலாம். 2015-ல் எமி ஸ்டாலும் லிசா ஃபைகன்சனும் 11 மாதக் குழந்தைகளுக்கு நடக்கவே முடியாத காட்சிகளைக் காட்டினார்கள். ஒரு பொம்மை கெட்டியான சுவரை ஊடுருவி வந்தது போலத் தெரியும். அல்லது பிடிமானமே இல்லாமல் அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். அப்படி விசித்திரமாக நடந்துகொண்ட பொம்மையைப் பற்றிய புதுச் செய்தியைக் குழந்தைகள் நன்றாகக் கற்றுக்கொண்டன. கையில் கொடுத்தபோது செய்ததுதான் இன்னும் சுவாரசியம். சுவரை ஊடுருவியதை எடுத்துத் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைக் கீழே போட்டுப் பார்த்தன. விஞ்ஞானிகள் செய்கிற வேலை!

எதையும் எதிர்பார்க்காதவருக்கு ஆச்சரியம் வராது. அதனால் முதலில் ஒரு வழக்கம் படிய வேண்டும்; அப்புறம் எப்போதாவது சாக்ஸைக் காலுக்குப் பதில் குழந்தையின் கையில் மாட்டிப் பாருங்கள். அந்த முகத்தில் தெரிவது சிரிப்பு மட்டுமல்ல.

சரி, குளியலுக்கு வருவோம். ஒரு பிளாஸ்டிக் டம்ளரைத் தலைகீழாகப் பிடித்து, நேராகத் தண்ணீருக்குள் அமுக்குங்கள். அது எதிர்த்து மேலே தள்ளும். குழந்தையின் கையிலும் கொடுத்துத் தள்ளச் சொன்னால் அந்த எதிர்ப்பு அதற்கும் புரியும். இப்போது லேசாகச் சாய்த்தால் ‘களக்’கென்று ஒரு பெரிய குமிழி வெளியே வரும். காலி டம்ளரில் காற்று இருக்கிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. உயரமான டம்ளரிலிருந்து அகலமான கிண்ணத்துக்கு ஊற்றினால் நிறைய, கொஞ்சம், வழியுது, காலி என்று சொற்கள் தாமாக வந்து சேரும். எதற்காகவும் குழந்தையைத் தண்ணீர் அருகே தனியாக விட்டுவிட்டு நகரக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பெரியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குழந்தை குமிழியைப் பார்த்து வாய் பிளந்திருக்கும், நாம் டம்ளரைக் காட்டி “இது என்ன கலர்?” என்போம். குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொல்வது, அதன் கவனத்தை வேறு பொருளுக்கு இழுத்து அதன் பெயரைச் சொல்வதைவிடப் பலன் தருகிறது என்று மைக்கேல் டொமசெல்லோவும் ஜெஃப் ஃபாரரும் 1986-லேயே காட்டினார்கள். குமிழியைப் பார்த்தால் குமிழியைப் பற்றிப் பேசுங்கள். சிவப்பு எங்கேயும் போய்விடாது. கேட்பவருக்கே விடை தெரிந்த இந்த மாதிரிக் கேள்விகள் அடுக்கடுக்காக வந்தால் குளியல் பரீட்சையாகிவிடும் என்பது என் கட்சி.

பேசியபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதும் அதே அளவுக்கு வேலை செய்கிறது. ரேச்சல் ரோமியோ குழுவினர் 4 முதல் 6 வயது வரையான குழந்தைகளின் மூளையை, கதை கேட்கும்போது ஸ்கேன் செய்து பார்த்தார்கள் (2018). வீட்டில் பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசுவது அதிகமாக இருந்த குழந்தைகளிடம், மொழிக்கான புரோக்கா பகுதி கூடுதலாக இயங்கியது. பெரியவர் மொத்தம் எத்தனை சொல் கொட்டினார் என்பதோடு இதற்குத் தொடர்பில்லை. பேசத் தெரியாத குழந்தைக்கு “ஆ” என்பதும் தன் முறைக்குப் பேசுவதுதான். அதற்கும் பதில் சொல்லலாம்.

மாறி மாறிப் பேசும் இந்தச் சங்கிலி எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். தாய்மார்கள் 2 வயதுக் குழந்தைகளுக்குப் புதுச் சொல் கற்றுக்கொடுக்கும்போது நடுவில் ஒரு போன் வந்தது. அந்தச் சொல்லைக் குழந்தைகள் கற்கவில்லை. குறுக்கீடு இல்லாதபோது கற்றார்கள். இரண்டிலும் சொல் காதில் விழுந்த தடவைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

எண்களைப் பொறுத்தவரை கொஞ்சம் நிதானம் வேண்டும். படியேறும்போது பத்து வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். “மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா” என்று சொல்லிப் பாருங்கள், கை நிறைய அள்ளிக்கொண்டு வரும். கேரன் வின் 1990-களின் தொடக்கத்தில் விளக்கியது இதைத்தான். முதலில் ‘ஒன்று’ மட்டும் புரிகிறது, மாதங்கள் கழித்து ‘இரண்டு’, பிறகு ‘மூன்று’. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதற்கு விடை என்ற எண்ணம் பல குழந்தைகளுக்கு மூன்றரை வயது வாக்கில்தான் வருகிறது. இங்கே படிகள் அவ்வளவாக உதவுவதில்லை. ஏறிய படி பின்னால் போய்விடுகிறது. மொத்தத்தை ஒன்றாகப் பார்க்க முடிவதில்லை. அதைவிடக் கண் முன்னால் மொத்தமாகக் கிடக்கும் பொருள்களே நல்லது. துணி மடிக்கும்போது சட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி, “ஆக மொத்தம் நாலு சட்டை” என்று முடியுங்கள். அந்த முடிப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம்.

தூங்கும் நேரத்துக் கதையில் பெற்றோருக்கு அலுப்புத் தட்டுவது இயல்பு. குழந்தை அதே கதையைத்தான் மறுபடியும் கேட்கும். மறுக்க வேண்டாம். ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினரின் 2011 ஆய்வில், ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட 3 வயதுக் குழந்தைகள்தான் புதுச் சொற்களை அதிகம் கற்றார்கள். ஒவ்வொரு தடவையும் புதுக் கதை கேட்டவர்களுக்கும் அதே சொற்கள் அதே எண்ணிக்கையில் காதில் விழுந்தன, ஆனால் அவ்வளவாகத் தங்கவில்லை. கதை புதிதாக இருந்தால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளவே கவனம் செலவாகிவிடுகிறது. அலுப்பு தாங்கவில்லையென்றால் தெரிந்தே ஒரு வரியை மாற்றிச் சொல்லுங்கள். நரிக்குப் பதில் யானை. திருத்தம் உடனே வரும், கொஞ்சம் கோபத்தோடு.