மஞ்சள் தெரு, நீல மலை: கண் ஏன் ஒத்துக்கொள்கிறது?

1908-இல் காண்டின்ஸ்கி, காப்ரியேலே முன்டர், யாவ்லென்ஸ்கி, வெரெஃப்கின் என்ற நான்கு ஓவியர்கள், ஜெர்மனியில் மூனிக் நகரத்துக்குத் தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் முர்னாவ் என்ற சின்ன ஊரில் போய்த் தங்கி வரைந்தார்கள். அந்தப் படங்களில் தெரு மஞ்சளாக இருக்கும், நிழல் ஊதா, மலையோ அப்பட்டமான நீலம். எந்த ஊரில் தெரு இப்படி இருக்கிறது? ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் இது வெயில், இது நிழல், அது தூரத்து மலை என்று புரிந்துவிடுகிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அந்தப் படங்களில் ஒன்றைக் கைபேசியில் கருப்பு வெள்ளையாக மாற்றினால், வெயில் படும் இடம் வெளிறியும் நிழல் விழும் இடம் கருத்தும், பல படங்கள் சாதாரண ஊர்க்காட்சி போலவே ஆகிவிடும். நிறத்தில்தான் அவர்கள் இஷ்டத்துக்கு விளையாடினார்கள், வெளிச்ச அளவில் ரொம்பக் கை வைக்கவில்லை.

நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை உண்டு. ஒரு இடம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்ற கணக்கை அவற்றில் இரண்டு வகைதான் போடுகின்றன, நீலத்தைப் பிடிக்கும் மூன்றாவதின் பங்கு மிகச் சொற்பம். மஞ்சள் அந்த இரண்டையும் ஒருசேரத் தூண்டுவதால் வெயிலாகத் தெரிகிறது, அடர்நீலம் நிழலாக இறங்கிவிடுகிறது. அப்புறம், ஆழத்தையும் அசைவையும் கவனிக்கும் மூளைப்பாதை நிறத்தைக் கிட்டத்தட்ட கண்டுகொள்வதே இல்லை, அதற்கு வெளிச்ச வித்தியாசம் போதும். நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் ஓவியங்களை வைத்தே இதை அழகாக விளக்கியிருக்கிறார்.

நீல மலை முழுக்கக் கற்பனையும் இல்லை. அங்கே ஃபோன் என்று ஒரு காற்று வீசும் (கைபேசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஆல்ப்ஸின் தென்புறம் ஏறும்போது ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு, வடக்கே இறங்கும்போது சூடாகி, வறண்ட காற்றாக வந்து சேரும். மங்கலெல்லாம் விலகிவிடுவதால், வெகுதூரத்து மலை கூரைக்குப் பின்னாலேயே நிற்பது போல அடர்நீலமாகத் தெரியும். தூரம் என்றால் மங்கல் என்று பழகிய மூளை, மங்கல் இல்லாவிட்டால் பக்கம் என்று முடிவு கட்டிவிடுகிறது.

சரி, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்களின் வெளிச்ச அளவும் ஒன்றாகிவிட்டால்? அப்போது நிறம் பார்க்காத அந்தப் பாதைக்கு எல்லையே தெரியாது, ஆகவே கோடு நடுங்குவது போலத் தோன்றும். முன்டரின் படங்களில் வீட்டையும் மலையையும் சுற்றி ஓடும் தடித்த கருங்கோடு இந்த நடுக்கத்தை அடக்கிவிடுகிறது. முர்னாவில் கண்ணாடியின் பின்புறம் வரையும் நாட்டுப்புறக் கலை ஒன்று இருந்தது, முன்டரும் அதைக் கற்றுக்கொண்டார். பார்ப்பது முன்புறத்திலிருந்து என்பதால், அதில் எல்லாமே தலைகீழ்: கோட்டைத்தான் முதலில் போடுவார்கள், நிறம் அப்புறம்தான்.